சிம்ஸ் 4 மோஸ்கினோ ஸ்டஃப்: உடை காணோமா, கேமரா சிக்கிக்கொண்டதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சிம்ஸ் 4 என்பது சிம் எனப்படும் கற்பனை மனிதர்களின் வாழ்க்கையை நடத்தி விளையாடும் கேம். அதற்கு, இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான மோஸ்கினோவோடு சேர்ந்து, கேமை உருவாக்கிய மேக்சிஸ் வெளியிட்ட கூடுதல் பேக் தான் மோஸ்கினோ ஸ்டஃப். 2019 ஆகஸ்ட் 13 அன்று கணினிக்கும், அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும் வந்தது. உடைகள், ஸ்டுடியோ சாமான்கள், ட்ரைபாட் கேமரா, ஃபேஷன் போட்டோகிராஃபர் என்ற ஃப்ரீலான்ஸ் வேலை எல்லாம் இதில் உண்டு. சிம்ஸ் 2-க்கு 2007-ல் வந்த எச் அண்ட் எம் பேக், சிம்ஸ் 3-க்கு 2012-ல் வந்த டீசல் பேக் ஆகியவற்றின் வரிசையில் வந்ததுதான் இதுவும். ஆனால் அவற்றைப் போல உடையோடும் சாமானோடும் நின்றுவிடாமல், விளையாட ஒரு வேலையையும் கொடுத்தது. அதனால் பழுதும் இரண்டு வகையாக வருகிறது. ஒன்று, உடை தெரியாது அல்லது கோணலாகத் தெரியும். இன்னொன்று, போட்டோ வேலை பாதியில் நின்றுவிடும்.

ஏதாவது தவறினால் பலரும் முதலில் செய்வது கேமை முழுக்க நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுவது. மணிக்கணக்கில் டவுன்லோட் ஓடும், கடைசியில் அதே பழுது அப்படியே திரும்பி வரும். இதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் சேவ் (சேமித்த ஆட்டம்), மாட் (மற்றவர்கள் செய்து நீங்கள் கேமில் சேர்க்கும் மாற்றங்கள்), கேஷ் (கேம் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் தரவு), செட்டிங் எல்லாம் கேம் இன்ஸ்டால் ஆன இடத்தில் இல்லை. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதற்குள் தி சிம்ஸ் 4 என்று தனியாக ஒரு ஃபோல்டர் இருக்கிறது. கேமை நீக்கினாலும் அந்த ஃபோல்டர் நீங்காது. பழுதின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மறு இன்ஸ்டாலைக் கடைசிக்கு வையுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் சேவ்ஸ் ஃபோல்டரை நகலெடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். கீழே சொல்லப்போகும் சில சோதனைகளில் பேக் இல்லாமல் கேம் திறக்கும். அந்த நிலையில் தெரியாமல் சேவ் அழுத்திவிட்டால் உங்கள் சிம்களின் உடையும் வீட்டுச் சாமானும் அந்தச் சேவிலிருந்து போய்விடும்.

பேக் வாங்கியாயிற்று, கேமில் அடையாளமே இல்லை

முதலில் மெயின் மெனுவைப் பாருங்கள். உங்களிடம் உள்ள பேக்குகளின் சின்னம் தெளிவாகவும் மற்றவை மங்கலாகவும் இருக்கும். மோஸ்கினோ சின்னம் மங்கலாக இருந்தால் இன்ஸ்டால் ஆகவில்லை, அல்லது நீங்கள் நுழைந்திருக்கும் கணக்கு வேறு.

கேமுக்குள் போய்ப் பார்த்து உறுதி செய்ய நினைப்பவர்களை மூன்று விஷயங்கள் ஏமாற்றும். ஃப்ரீசர் பன்னி படம் போட்ட மோஸ்கினோ ஹூடி ஒன்று, பேக் வருவதற்கு முன்பே அடிப்படை கேமுக்கு அப்டேட்டில் இலவசமாக வந்தது. அது இருக்கிறது என்பதால் பேக் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஃப்ரீலான்சர் வேலையும் அப்படித்தான். ஓவியம், எழுத்து, புரோகிராமிங் ஆகியவை அடிப்படை கேமிலேயே உண்டு. ஃபேஷன் போட்டோகிராஃபர் மட்டுமே இந்தப் பேக்குக்கு உரியது. மூன்றாவது, போட்டோகிராஃபி திறன். கெட் டு வொர்க் பேக் வைத்திருப்பவர்களுக்கும் அந்தத் திறன் வரும். ஆகவே நம்பத் தகுந்த ஒரே சோதனை, வேலை தேடும் பட்டியலில் ஃப்ரீலான்சர் பிரிவுக்குள் ஃபேஷன் போட்டோகிராஃபர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். அந்தப் பிரிவு இளம் வயது வந்தோர் முதல் முதியவர் வரைக்கும்தான் திறக்கும். டீனேஜ் சிம்மை வைத்துத் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்ஸ்டால் ஆன ஃபோல்டரிலும் பார்க்கலாம். ஒவ்வொரு பேக்குக்கும் ஒரு குறியீடு உண்டு, மோஸ்கினோவுக்கு எஸ்பி15. அந்தப் பெயரில் ஃபோல்டர் இல்லையென்றால் டவுன்லோட் முடியவில்லை. இஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) ஆப்பில் கேமின் ஆட்-ஆன் பட்டியலுக்குப் போய் அங்கிருந்து டவுன்லோட் கொடுங்கள். ஸ்டீம் என்ற கேம் ஸ்டோரில் வாங்கியிருந்தால், அங்கே கேமின் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து டிஎல்சி (கூடுதல் பேக்குகள்) பகுதியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி இந்த டிக் தான் விடுபட்டிருக்கும்.

ஃபோல்டர் இருந்தும் சின்னம் மங்கல் என்றால் கணக்குக் குழப்பம். ஸ்டீமில் முதல்முறை கேம் திறக்கும்போது அது ஒரு இஏ கணக்கோடு இணைந்துகொள்ளும். பழைய மின்னஞ்சலில் மறந்துபோன ஒரு கணக்கு இருந்து, அதோடு இணைந்திருந்தால் பேக்குகள் தெரியாமல் போகும். எந்தக் கணக்கில் ரசீது இருக்கிறதோ அதே கணக்கில்தான் உள்ளே போயிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்புறம், கணினிக்கு வாங்கிய பேக் கன்சோலில் வராது. இரண்டும் தனித்தனிக் கொள்முதல்.

பிளேஸ்டேஷனில் இன்னொரு வில்லங்கம் உண்டு. கேம் ஒரு நாட்டுப் பதிப்பாகவும் பேக் வேறு நாட்டு ஸ்டோரில் வாங்கியதாகவும் இருந்தால் இரண்டும் சேராது. டிஸ்க் வாங்கி விளையாடுபவர்களுக்கு இது நேரும். இரண்டும் ஒரே பகுதிக்கு உரியவை என்றால், செட்டிங்கில் லைசென்ஸை மீட்டெடுக்கும் தேர்வை ஒரு முறை ஓட்டிவிட்டு கேமைத் திறங்கள்.

சின்னம் தெளிவாக இருக்கிறது, உடைகளை மட்டும் காணோம்

இது பழுதாகவே இருக்காது, ஃபில்டராக இருக்கும். சிம்மை உருவாக்கும் திரையில் பேக் வாரியாக, ஸ்டைல் வாரியாக, நிறம் வாரியாக வடிகட்டும் பட்டி இருக்கிறது. அதில் ஆண், பெண் என்ற உடைத் தேர்வும் ஒரு ஃபில்டர்தான். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பேக் ஃபில்டரில் மோஸ்கினோவை மட்டும் தேர்ந்தெடுங்கள். இளம் வயது வந்த ஒரு சிம்மை வைத்துப் பாருங்கள். சட்டை, பேன்ட், முழு உடை, காலணி என ஒவ்வொரு பிரிவாகப் போக வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்காது.

வீடு கட்டும் பில்ட் மோடிலும் இதே கதைதான். ட்ரைபாடும் ஸ்டுடியோ சாமானும் கிடைக்கவில்லை என்றால் பேக் ஃபில்டரைப் போட்டுத் தேடுங்கள்.

ஃபில்டர் எல்லாம் நீக்கியும் பட்டியலில் வெற்றுக் கட்டங்கள் வந்தால், அல்லது ஒரு உடையின் படத்தில் வேறு உடை தெரிந்தால், கேஷ் கெட்டுப்போயிருக்கிறது. கேமை மூடிவிட்டு, டாக்குமென்ட்ஸில் உள்ள தி சிம்ஸ் 4 ஃபோல்டரில் லோக்கல்தம்ப்கேஷ் என்ற பெயருள்ள பேக்கேஜ் ஃபைலை அழித்துவிடுங்கள். பயப்பட வேண்டாம். அது சிறுபடங்களின் கிடங்கு மட்டுமே, கேம் அடுத்த முறை தானாகவே புதிதாகக் கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும், மாட்களைச் சேர்த்தாலும் எடுத்தாலும் இந்த ஒரு ஃபைலை அழிப்பதைப் பழக்கமாக வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் எட்டிப் பார்க்காது.

உடை வருகிறது, ஆனால் அசிங்கமாகத் தெரிகிறது

இந்தப் பேக்கை வாங்குவதே உடையின் அச்சுக்காகவும் வண்ணத்துக்காகவும்தான். ஜெரமி ஸ்காட் மோஸ்கினோவின் படைப்பு இயக்குநராக இருந்த காலத்துப் பேக் இது. கண்ணைப் பறிக்கும் படங்களும் எழுத்துகளும்தான் அந்த ஆடைகளின் உயிர். அவை மங்கலாகத் தெரிந்தால் வாங்கியதற்கே பலனில்லை. ஆகவே இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

எழுத்துகள் கலங்கி, ஓரங்களில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? கேம் ஆப்ஷன்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போங்கள். அன்கம்ப்ரெஸ்டு சிம் டெக்ஸ்சர்ஸ் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். வழக்கமாக நினைவகத்தை மிச்சப்படுத்த கேம் சிம்களின் உடைப் படங்களைச் சுருக்கி வைக்கிறது. வெற்று நிறச் சட்டையில் இந்தச் சுருக்கம் தெரியாது. நுணுக்கமான அச்சு உள்ள உடையில் உடனே பல்லைக் காட்டும். அந்தப் பெட்டியில் டிக் போட்டு, கேமை ஒரு முறை மூடித் திறங்கள். நினைவகம் கூடுதலாகச் செலவாகும் என்பதால் பழைய லேப்டாப்பில் வேகம் குறைகிறதா என்றும் கவனியுங்கள். அதே பகுதியில் லேப்டாப் மோட் போட்டிருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். சிம் டீடெயில் அளவையும் ஒரு படி உயர்த்துங்கள். மோஸ்கினோ உடை கெட்டுத் தெரிகிறது என்று வரும் புகார்களில் நல்ல பங்கு இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

உடை முழுக்கக் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் அது மோஸ்கினோவின் உடையே அல்ல. யாரோ செய்து நீங்கள் டவுன்லோட் செய்த கஸ்டம் கன்டென்ட் உடைந்து நிற்கிறது. பட்டியலில் அந்த உடையின் சிறுபடத்தைப் பாருங்கள். மூலையில் ஸ்பானர் சின்னம் இருந்தால் அது கஸ்டம் கன்டென்ட்தான். அப்டேட் வந்து அந்த ஃபைல் பழசாகிப் போயிருக்கும், அல்லது அதற்குத் துணையாக வேண்டிய இன்னொரு ஃபைலை நீங்கள் இறக்காமல் விட்டிருப்பீர்கள். மோஸ்கினோ உடைக்கு நிறம் மாற்றிச் செய்த கஸ்டம் கன்டென்ட் என்றால் பேக் இல்லாதவர்களுக்கு அது வேலை செய்யாது. மூல உடையின் வடிவம் பேக்குக்குள்தான் இருக்கிறது.

ஒரே உடலில் இரண்டு உடைகள் ஒன்றுக்குள் ஒன்று துருத்திக்கொண்டு வருகிறதா? சிம்மின் உடலை மிகவும் பருமனாகவோ மிகவும் தசைப்பிடிப்பாகவோ மாற்றியிருந்தாலும், நீண்ட முடியை உயர்ந்த காலரோடு சேர்த்தாலும் இப்படி ஆகும். இதை எந்த ரிப்பேரும் தீர்க்காது. உடல் அளவைச் சற்றுக் குறையுங்கள், அல்லது வேறு முடியை எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தை இதில் கரைக்க வேண்டாம்.

சிம்மை உருவாக்கும் திரைக்குப் போனதும் கேம் உறைகிறது அல்லது மூடிக்கொள்கிறது

மாட் இருப்பவர்கள் மாட்டைச் சந்தேகியுங்கள். இல்லாதவர்கள் நேராக அடுத்த பத்திக்குப் போகலாம். கேமை மூடி, மாட்ஸ் ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். லோக்கல்தம்ப்கேஷை அழியுங்கள். கேமைத் திறந்து, பழைய சேவைத் தொடாமல் புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கிப் பாருங்கள். பழுது போய்விட்டதா? சரி, இனி எந்த ஃபைல் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சோதித்தால் விடிந்துவிடும். மாட்களை இரண்டாகப் பிரித்துப் பாதியை உள்ளே போடுங்கள். பழுது வந்தால் குற்றவாளி அந்தப் பாதியில். வராவிட்டால் மறு பாதியில். மறுபடி அந்தப் பாதியை இரண்டாக்குங்கள். 256 ஃபைல் இருந்தாலும் 8 சுற்றில் ஒரே ஃபைலுக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே அந்தக் கேஷ் ஃபைலை அழிக்க மறக்காதீர்கள். பழைய கேஷ் தவறான பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மாட் இல்லை, அல்லது மாட்டை எடுத்தும் தீரவில்லை என்றால் தி சிம்ஸ் 4 ஃபோல்டரின் பெயரையே மாற்றிவிடுங்கள். பின்னால் பழைய என்று சேர்த்தால் போதும். கேம் திறக்கும்போது புது ஃபோல்டர் ஒன்றை அதுவே உருவாக்கும். அதில் பழுது இல்லையென்றால் இன்ஸ்டால் நன்றாகத்தான் இருக்கிறது. பழைய ஃபோல்டரில் இருந்த செட்டிங்கோ கேஷோ சேவோ கெட்டிருக்கிறது. கேமை மூடி, பழைய சேவ்ஸ் ஃபோல்டரை மட்டும் புதிதுக்குக் கொண்டுவந்து சோதியுங்கள். பிறகு டிரே ஃபோல்டர். நீங்கள் சேமித்து வைத்த வீடுகளும் குடும்பங்களும் அதில்தான் இருக்கின்றன. ஆப்ஷன்ஸ் ஃபைலைக் கொண்டுவராதீர்கள். புதிதாக வைத்துக்கொள்வதே நல்லது.

புது ஃபோல்டரிலும் பழுது தொடர்ந்தால் மட்டுமே இன்ஸ்டாலைச் சந்தேகிக்க வேண்டும். இஏ ஆப்பில் ரிப்பேர் கொடுங்கள். ஸ்டீமில் ஃபைல்களின் முழுமையைச் சரிபார்க்கும் தேர்வு உண்டு. கெட்ட ஃபைலை மட்டும் மாற்றித் தரும் என்பதால் மறு இன்ஸ்டாலைவிட இதில் நேரம் மிகக் குறைவு. கிராபிக்ஸ் டிரைவரையும் இந்தக் கட்டத்தில் புதுப்பித்துவிடுங்கள்.

சேவ் ஆகவில்லை, அல்லது போட்ட உடை அடுத்த முறை மறைந்துவிடுகிறது

விண்டோஸில் இரண்டு காரணங்களை உடனே பாருங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் உங்களுக்குத் தெரியாமலேயே மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம். கேம் எழுதும்போதே ஒன்டிரைவ் அந்த ஃபைலை மேகத்துக்கு ஏற்ற முயலும், இடம் நிறைந்திருந்தால் சிக்கல் கூடும். டாக்குமென்ட்ஸை ஒன்டிரைவ் பேக்கப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். இன்னொன்று, விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்புக்காக இருக்கும் கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ். அது இயங்கினால் டாக்குமென்ட்ஸில் எழுத கேமுக்கு அனுமதி கிடைக்காமல் போகலாம். அனுமதி பெற்ற நிரல்களின் பட்டியலில் சிம்ஸ் 4-ஐச் சேர்த்துவிடுங்கள்.

பேக் இல்லாத நிலையில் சேவ் ஆகி உடைகள் மாறிப்போயின என்றால் பதற வேண்டாம். உடனே விளையாட்டை நிறுத்துங்கள். ஒவ்வொரு சேவுக்கும் பின்னால் பழைய நகல்கள் 5 வரை இருக்கும். சேவ்ஸ் ஃபோல்டரில் வெர்0 முதல் வெர்4 வரை முடியும் ஃபைல்கள் அவைதான். லோட் கேம் திரையிலேயே சேவை மீட்கும் பொத்தான் உண்டு. முதலில் பேக் திரும்பி வந்துவிட்டதா என்று மெயின் மெனுவில் உறுதி செய்துவிட்டு, பழுதுக்கு முந்தைய நேரம் உள்ள நகலை மீட்டெடுங்கள். மேலும் மேலும் சேவ் செய்துகொண்டே போனால் நல்ல நகல் வரிசையிலிருந்து வெளியே தள்ளப்பட்டுவிடும்.

ட்ரைபாடைத் தொட்டால் சிம் கையை விரிக்கிறது

சிம் கேமராவுக்கு முன்னும் பின்னும் நிற்க வெற்றிடம் வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்திருந்தாலோ, சாமான்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க விடும் மூவ்ஆப்ஜெக்ட்ஸ் என்ற சீட்டை (கேமின் விதியை மீற விடும் கட்டளை) போட்டு நெருக்கியிருந்தாலோ சிம் போய்ச் சேர முடியாது. வெறும் புல்தரையில் ட்ரைபாடை வைத்துப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் பிழை உங்கள் ஸ்டுடியோ அறையின் அமைப்பில்தான். பின்னணித் திரைக்கும் கேமராவுக்கும் நடுவே நாற்காலி, விளக்கு எதுவும் இல்லாமல் ஒழித்துவிடுங்கள்.

திறந்த வெளியிலும் மறுத்தால் ரீசெட் செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் சீட் பெட்டி திறக்கும். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். கன்சோலில் நான்கு தோள் பொத்தான்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். டெஸ்டிங்சீட்ஸ் ட்ரூ என்று ஆங்கிலத்தில் தட்டி, பிறகு ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு கேமராவைச் சொடுக்கினால் ரீசெட் ஆப்ஜெக்ட் தேர்வு வரும். சிம்மே அசையாமல் நின்றால் சிம்மையும் அதே மாதிரி ரீசெட் செய்யலாம். கன்சோலில் சீட் போட்டால் அந்தச் சேவில் டிராஃபி கிடைக்காது, யோசித்துச் செய்யுங்கள்.

போட்டோ எடுத்தும் வேலை நகரவில்லை

ஃப்ரீலான்ஸ் வேலைக்கு நேர அட்டவணை கிடையாது. ஒவ்வொரு ஆர்டரையும் தனியாக ஏற்று, கெடுவுக்குள் முடிக்க வேண்டும். ஏற்கும் முன் எடுத்த படங்களைக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். வேலைப் பேனலைத் திறந்து, பணிக்குறிப்பின் மேல் சுட்டியை வைத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். எந்த வகைப் படம் என்று குறிப்பிட்டுக் கேட்டிருந்தால் வேறு கேமராவில், வேறு விதமாக எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எண்ணிக்கை ஏறாது.

படம் எங்கே போனது என்று தேடுபவர்கள் எடுத்த சிம்மின் இன்வென்டரியை, அதாவது கைவசப் பொருள் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். மாடலாக நின்ற சிம்மிடம் இருக்காது. கெடு முடிவதற்குள் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டுவதோ விற்பதோ வேண்டாம். ஆர்டர் முடிந்து பணம் வந்த பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

பணியெல்லாம் சரியாக முடித்தும் எண்ணிக்கை அப்படியே நின்றால், சேவ் செய்து, மெயின் மெனுவுக்குப் போய்த் திரும்பி வாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் வேலை, தொலைபேசி, நேரம் இவற்றை மாற்றும் ஸ்கிரிப்ட் மாட் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். எம்சி கமாண்ட் சென்டர் போன்ற பெரிய மாட்களை ஒவ்வொரு கேம் அப்டேட்டுக்கும் பிறகு அதற்கேற்ற பதிப்புக்கு மாற்றியாக வேண்டும். அப்டேட் வந்ததும் கேம் தானாகவே மாட்களை அணைத்துவிடுவது இதற்காகத்தான். பதிப்பைச் சரிபார்க்காமல் உடனே அவற்றை மறுபடி இயக்குவது பழுதை நாமே கூப்பிடுவதற்குச் சமம். ஸ்கிரிப்ட் மாட் பழுதானால் தி சிம்ஸ் 4 ஃபோல்டரில் லாஸ்ட்எக்ஸெப்ஷன் என்ற பெயரில் ஒரு ஃபைல் புதிதாக விழுந்திருக்கும். அதன் நேரமும் வேலை நின்ற நேரமும் பொருந்தினால் குற்றவாளி யார் என்று பாதி தெரிந்துவிட்டது.

பேக்கே காரணமா என்று தீர்மானமாகத் தெரிய வேண்டும்

கணினியில் இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. இஏ ஆப்பிலும் ஸ்டீமிலும் கேமின் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டி இருக்கும். அதில் ஒரு சிறு கோடு போட்டு, டிஸேபிள்பேக்ஸ், முக்காற்புள்ளி, எஸ்பி15 என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் எழுதினால், எதையும் நீக்காமல் மோஸ்கினோ இல்லாமலே கேம் திறக்கும். பழைய சேவை இந்த நிலையில் திறக்கவே கூடாது. புதிய ஆட்டத்தில் மட்டும் சோதியுங்கள். அப்போதும் பழுது இருந்தால் மோஸ்கினோவுக்கு அதில் பங்கில்லை. பழுது போய்விட்டால், மாட் எதுவும் இல்லாத புதிய ஆட்டத்தில் பேக்கைத் திரும்ப இயக்கி இன்னொரு முறை பாருங்கள். இரண்டு முறையும் பேக்கோடு மட்டும் வருகிறது என்றால் அதை இஏவுக்குத் தெரிவிக்கலாம். எந்தத் தளம், கேம்வெர்ஷன் ஃபைலில் உள்ள பதிப்பு எண், மாட் இல்லாமல் சோதித்த விவரம், பழுதை மறுபடி வரவழைக்கும் படிகள் ஆகிய நான்கையும் எழுதுங்கள். சோதனை முடிந்ததும் லாஞ்ச் ஆப்ஷன்ஸில் எழுதியதை அழித்துவிட்டு, மெயின் மெனுவில் மோஸ்கினோ சின்னம் தெளிவாகத் திரும்பியதைப் பார்த்த பிறகே பழைய சேவைத் திறங்கள்.